நெடுந்தீவுக்கு இரண்டு நாள்: ஒரு பயணத் திட்டமும் அதன் வரலாறும்

நம் வட்டத்தின் மாதக் கூட்டமொன்றில், கவிதை வாசிப்பு முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்த வேளையில், இளங்கவிஞர் ஒருவர் ஒரு கேள்வியை எழுப்பினார். கிரேக்க நாட்டைச் சூழ்ந்த ஏஜியன் கடலில் சிறு சிறு தீவுகள் சிதறிக் கிடக்கின்றனவாம். அவற்றுள் ஆரவாரமில்லாத தீவு ஒன்றைத் தேர்ந்து, நான்கு நாள் தங்கி, எழுதிவிட்டு வருவதை ஐரோப்பிய எழுத்தாளர் பலர் வழக்கமாகக் கொண்டிருக்கின்றனராம். "நமக்கு அப்படி ஒரு தீவு இல்லையா, அம்மா?" என்று கேட்டார். கிரேக்கம் போய்வரும் செலவு ஒரு தறியின் ஓராண்டு உழைப்பை விழுங்கிவிடும் என்று பட்டு நெசவாளரான மூத்த உறுப்பினர் ஒருவர் விரல்விட்டுக் கணக்குச் சொன்னார். எல்லோரும் சிரித்தோம். "இருக்கிறது, நெடுந்தீவு" என்றேன் நான். "நம் மீனவர்களைக் கைது செய்கிறார்களே, அந்த இடமா?" என்றார் அவர்.

அவர் கேட்டதில் பிழையில்லை. தமிழ்நாட்டில் வாழும் நமக்கு நெடுந்தீவு என்பது செய்தித்தாளின் ஒரு வாக்கியம். 'நெடுந்தீவு அருகே மீன்பிடித்துக்கொண்டிருந்த மீனவர்கள்' என்று தொடங்கும் அவ்வாக்கியத்தில் 'அருகே' என்னும் சொல்லுக்கு அப்பால் நாம் போவதில்லை. அத்தீவின்மீது மக்கள் வாழ்கின்றனர் என்பதோ, அவர்கள் நம் மொழி பேசுவோர் என்பதோ, நம் காப்பியங்கள் இரண்டின் நிழல் அக்கடலில் விழுந்து கிடக்கிறது என்பதோ அவ்வாக்கியத்தில் இடம்பெறுவதில்லை. அன்றைய பேச்சின் முடிவில், பத்தாம் ஆண்டு நிறைவை ஒட்டி உறுப்பினர் சிலர் இரண்டு நாள் நெடுந்தீவு சென்றுவருவது என்று முடிவாயிற்று. செல்வதற்கு முன் அத்தீவின் வரலாற்றை எழுதித் தரும் பொறுப்பு என்மீது சுமத்தப்பட்டது.

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் இன்னும் நெடுந்தீவைக் கண்டதில்லை. ஈழத்துக் கண்ணகி கதைகளைப் பற்றி முனைவர் பட்டத்திற்காக ஆய்ந்த நாள்களில் அங்கே செல்லத் திட்டமிட்டேன், போர் முடிந்து ஓராண்டே ஆகியிருந்தது, வீட்டில் இசையவில்லை. 2019 நவம்பரில் சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு விமானம் பறக்கத் தொடங்கியதும் அடுத்த கோடை விடுமுறையைக் குறித்துவைத்தேன். 2020 மார்ச்சில் கொரோனா உலகையே வீட்டுக்குள் பூட்டிவிட்டது. 2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணியர் கப்பல் விடப்பட்டபோது பெட்டியைக்கூட எடுத்து வைத்துவிட்டேன். ஒரு வாரத்திற்குள் மழைப்பருவத்தைக் காட்டிக் கப்பலை நிறுத்திவிட்டார்கள். 2024 ஆகஸ்டு 16 அன்று அது மீண்டும் ஓடத் தொடங்கியது. ஆகவே இது நான் தீட்டும் நான்காம் திட்டம்.

தொல்காப்பியம் கடல்வழிப் பிரிவு மகளிரோடு இல்லை என்று விதிக்கிறது. அந்நூற்பாவின் பொருள்பற்றி உரையாசிரியர்கள் ஒத்த கருத்தினர் அல்லர். எனினும் மூன்று முறை பயணம் தட்டிப்போனபின், இலக்கணத்தை மீறத் துணிந்தமைக்குக் கிடைத்த தண்டனையோ இது என்று எனக்குள் நகைத்துக்கொண்டதுண்டு.

நெடுந்தீவு எங்கே இருக்கிறது? யாழ்ப்பாணக் குடாநாட்டின் தென்மேற்கே, பாக்கு நீரிணையில் ஒரு தீவுக்கூட்டம் உள்ளது. வேலணை, காரைநகர், புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு என்று விரியும் அவ்வரிசையில் குடாநாட்டிலிருந்து யாவற்றினும் விலகி நிற்பது நெடுந்தீவு. பரப்பு ஏறத்தாழ 50 சதுர கிலோமீட்டர். மலையில்லை, ஆறில்லை. தட்டையான பவளப்பாறை நிலம், அதன்மேல் பனையும் புல்லும். வேலணையும் புங்குடுதீவும் கடல்மேல் இட்ட சாலைகளால் குடாநாட்டோடு பிணைக்கப்பட்டுவிட்டன. நெடுந்தீவுக்குப் பாலம் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து பேருந்தில் பண்ணைக் கடலைக் கடந்து, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் துறையை அடைந்து, அங்கிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரம் படகில் சென்றால்தான் நெடுந்தீவின் மாவிலித்துறையில் கால்வைக்க முடியும். கடல் சீறினால் படகு இல்லை. அத்தீவின் வரலாறு முழுதையும் இப்படகுதான் எழுதியிருக்கிறது எனலாம்.

இத்தீவுகளைத் தமிழிலக்கியம் அறிந்த வகை இருவேறு. ஒன்று, மணிமேகலையில் வரும் மணிபல்லவம். அது நயினாதீவே என்பது ஆய்வாளர் சிலர் கொண்ட கருத்து. வேறிடங்களைக் காட்டுவோரும் உளர். எத்தீவாயினும், அக்காப்பியம் அதனைப் புகார் நகருக்குத் தெற்கே முப்பது யோசனை தொலைவில் வைக்கிறது. மணிமேகலையை அங்கே கொண்டுசேர்ப்பது கப்பலன்று. உறங்கும்போதே ஒரு தெய்வம் எடுத்துச் செல்கிறது. கடவுச்சீட்டும் நுழைவுரிமையும் படகு நேரமும் பற்றிக் கவலைகொள்ளும் எனக்கு அவள்மேல் சிறிது பொறாமைதான்.

ஆனால் நம் பயணத்திட்டத்துக்கு உற்ற துணை மணிமேகலை அல்லள்; ஆபுத்திரன். அக்கதையை நம் வட்டத்தார் பலரும் அறிவீர்கள். மதுரையில் அமுதசுரபியைப் பெற்றுப் பசித்தோர்க்கெல்லாம் உணவிட்ட அவனுக்கு, நாடு செழித்தபின் உணவு கேட்போர் இல்லாமற் போயினர். சாவக நாட்டில் பசி நிலவுகிறது என்று கேட்டுக் கப்பலேறுகிறான். காற்று மிகுந்ததால் கப்பல் மணிபல்லவத்தில் ஒரு நாள் தங்குகிறது. ஆபுத்திரன் இறங்குகிறான், அவன் ஏறிவிட்டான் என்று எண்ணிக் கப்பல் புறப்பட்டுவிடுகிறது. மக்களில்லாத் தீவில், எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரத்தோடு அவன் தனித்து நிற்கிறான். ஊட்டுவதற்கு ஓர் உயிர் இல்லாத இடத்தில் தன் வயிற்றை மட்டும் நிரப்பிக்கொள்ள அவன் மனம் ஒப்பவில்லை. பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணாதிருந்து உயிர் விடுகிறான்.

தமிழில் ஓசையற்ற தீவொன்றிற்குக் குறுகிய நேரம் சென்ற முதல் பயணி அவன்தான் என்று நினைக்கிறேன். கிரேக்கத் தீவைக் கேட்ட நம் இளங்கவிஞர் தேடியது எதுவோ, அதுவே ஆபுத்திரனைக் கொன்றது. மக்களற்ற அமைதியைச் சாத்தனார் ஓர் அழகாகக் காட்டவில்லை. தாங்கொணாத ஒரு குறையாகக் காட்டினார். நெடுந்தீவின் அமைதியைப்பற்றிப் பேசும்போது இதனை நெஞ்சில் வைத்திருத்தல் வேண்டும்.

இரண்டாம் வகை, நாட்டார் வழக்கில் வருவது. கண்ணகியின் சிலம்பில் இருந்தவை மாணிக்கப் பரல்கள் என்று இளங்கோவடிகள் சொல்லி நிறுத்திக்கொண்டார். அம்மணி எங்கிருந்து வந்தது என்று அவர் சொல்லவில்லை, நாமும் கேட்டதில்லை. ஈழத்து மக்கள் கேட்டார்கள். கண்ணகி வழக்குரையும் அதனோடு உறவுடைய கதைகளும் அதற்கு விடை தருகின்றன: சிலம்புக்கு வேண்டிய நாகமணியைக் கொணரச் சோழநாட்டிலிருந்து மீகாமன் தலைமையில் கப்பல் புறப்படுகிறது, இத்தீவுக் கடலை ஆண்ட வெடியரசன் வழிமறிக்கிறான், கடற்போர் மூள்கிறது. மீகாமன், வெடியரசன் என்னும் இருவர் பெயரும் நெடுந்தீவில் இன்றும் உயிரோடு இருக்கின்றன. கடற்கரையில் பவளக்கல்லால் எழுந்து சிதைந்து நிற்கும் போர்த்துக்கேயர் காலக் கோட்டையை மக்கள் மீகாமன் கோட்டை என்கின்றனர். தீவின் மேற்கே உள்ள பழைய இடிபாடுகள் வெடியரசன் கோட்டை எனப்படுகின்றன. பறங்கியர் கட்டிய சுவருக்குச் சிலப்பதிகாரத் தொடர்புடைய பெயரைச் சூட்டிய அத்தீவு மக்களின் துணிவை எண்ணி நான் வியந்ததுண்டு. வரலாற்று நோக்கில் அது பிழைதான். ஆயினும் ஓர் ஊர் தன்னை எக்கதையோடு சேர்த்து நினைக்க விரும்புகிறது என்பதும் வரலாற்றின் ஒரு பகுதியே.

வெடியரசன் கோட்டை எனப்படும் இடத்தில் காணப்படும் வட்ட அடித்தளங்கள் பௌத்தத் தூபிகளின் எச்சங்கள் என்பர் தொல்லியலார். இக்காலத்தில் இத்தகைய எச்சம் ஒன்று கிடைத்தவுடன் இருபுறமும் குரல் எழுகிறது. பௌத்தம் என்றால் சிங்களம் என்கிறது ஒன்று. பௌத்தத்துக்கும் தமிழர்க்கும் உறவே இல்லை என்கிறது மற்றொன்று. மணிமேகலையைப் பாடமாக நடத்தும் எனக்கு இரண்டும் விளங்கவில்லை.

கதையிலிருந்து கல்லுக்கு வருவோம். நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் ஒரு தமிழ்க் கல்வெட்டு உள்ளது. பொறித்தவன் பொலன்னறுவையிலிருந்து 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு என்னும் சிங்கள வேந்தன். ஊர்காவற்றுறைத் துறைமுகத்துக்கு வரும் அயல்நாட்டு வணிகர்க்கு உரிய ஆணை அது. அயலார்க்குக் காப்பு அளிக்கப்படும். யானையும் குதிரையும் ஏற்றிவரும் கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசுக்கு, மூன்று பங்கு உடையவர்க்கு. வணிகச் சரக்கு ஏற்றிய கப்பல் உடைந்தால் பாதிக்குப் பாதி என்பது அதன் சாரம். சிங்கள மன்னன் தன் ஆணையைத் தமிழில் வெட்டுவித்தான் என்பது ஒருபுறமிருக்க, கப்பல் உடைவதை அவன் எவ்வளவு இயல்பாக எதிர்பார்த்திருக்கிறான் என்பதே என்னை நிற்க வைக்கிறது. ஆழங்குறைந்த இக்கடலில் கலம் கவிழ்வது அன்றாட நிகழ்ச்சி. அதற்கெனச் சட்டமே வேண்டியிருந்தது. குதிரைக் கப்பலுக்குச் சலுகை கூடுதல் என்பதும் நோக்கத்தக்கது. படைக்கு வேண்டிய விலங்கு கடல் கடந்து வந்தாக வேண்டும். கொணர்பவன் அஞ்சி நின்றுவிடக் கூடாது. புகார்த் துறையில் கடல்வழி வந்த குதிரைகளையும் ஈழத்து உணவையும் பட்டினப்பாலை ஒரே இடத்தில் அடுக்கிச் சொல்வதை இங்கே நினைவுகூரலாம்.

குதிரை என்றவுடன் நெடுந்தீவுக்கே திரும்பிவிடுகிறோம். இன்று அத்தீவின் தென்பகுதிப் புல்வெளியில் நூற்றுக்கணக்கான குதிரைகள் உரிமையாளர் எவருமின்றித் திரிகின்றன. 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயரும், 1658இல் அவர்களை வெளியேற்றிய ஒல்லாந்தரும் இத்தீவை விலங்குப் பண்ணையாகவே கண்டனர். போர்த்துக்கேயர் இதற்கு இட்ட பெயர் 'பசுக்களின் தீவு' என்று பொருள்படும். ஒல்லாந்தர் தம் ஊர்ப் பெயர்களை எடுத்துத் தீவுகளின்மேல் ஒட்டினர்: வேலணை லெய்டன் ஆயிற்று, காரைநகர் ஆம்ஸ்டர்டாம், புங்குடுதீவு மிடில்பர்க், நயினாதீவு ஹார்லெம், நெடுந்தீவு டெல்ஃப்ட். மற்றவை உதிர்ந்துபோயின, டெல்ஃப்ட் மட்டும் அரசு ஆவணங்களில் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பின்வந்த ஆங்கிலேயர் காலத்தில், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நோலன் என்னும் படை அதிகாரி தீவின் பொறுப்பில் இருந்து குதிரைப் பண்ணையை நடத்தினார். பண்ணை ஒழிந்தது, லாயத்தின் தூண்கள் எஞ்சின, குதிரைகள் தம் போக்கில் பெருகின. மழை பொய்க்கும் ஆண்டுகளில் குடிநீரின்றி அவை மடிகின்றன. பயணிகள் எடுத்து வரும் படங்களில் இது தெரிவதில்லை.

ஒல்லாந்தர் காலத்தை விட்டு நகர்வதற்கு முன் தேசூரைப்பற்றி ஒரு சொல். நம் அண்டை ஊரான வந்தவாசியில் 1760 ஜனவரி 22 அன்று எயர் கூட், லாலியின் படையை முறியடித்ததைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். ஐரோப்பிய வணிகக் கும்பினிகள் நம் கரையில் எதற்காக மோதிக்கொண்டன? பெரும்பாலும் துணிக்காக. அத்துணிக்கு வேண்டிய சிவப்பின் ஒரு பங்கு, யாழ்ப்பாண, மன்னார் மணல் நிலங்களில் அகழ்ந்தெடுத்த சாயவேரிலிருந்து வந்தது. சோழமண்டலக் கரையின் பருத்தித் துணி உலகெங்கும் பெயர்பெற்றதற்கு அவ்வேரின் கெட்டிச் சிவப்பும் ஒரு காரணம். ஒல்லாந்தர் அவ்வேரைத் தம் தனியுரிமை ஆக்கிக்கொண்டு, அதனை அகழ்வதற்கென்றே ஒரு மக்கட் பிரிவினரைக் கட்டாய ஊழியத்தில் வைத்திருந்தனர். நம் ஊர்த் தறிகளில் இன்று ஓடும் பட்டுக்கும் அவ்வேருக்கும் தொடர்பில்லை. இன்றைய சாயம் ஆலையிலிருந்து வருவது. ஆயினும் நெசவாளர் உறுப்பினர்கள் தீவுப் பகுதியில் இறங்கும்போது, தமக்கு முன்னோர் தொழில் உறவுடைய மண் அது என்று எண்ணிக்கொள்ளலாம்.

தமிழாசிரியர்களாகிய எங்களுக்கு அத்தீவோடு வேறோர் உறவும் உண்டு. தனிநாயகம் அடிகள் 1913இல் ஊர்காவற்றுறைக் கரம்பனில் பிறந்தவர்; அவருடைய தந்தைவழி வேர் நெடுந்தீவில். 1952இல் 'தமிழ்க் கலாச்சாரம்' என்னும் பொருள்படும் ஆங்கிலக் காலாண்டிதழைத் தொடங்கியவர். 1964இல் புதுதில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் அமையக் காரணமானவர். 1966இல் கோலாலம்பூரில் முதல் மாநாட்டைக் கூட்டியவர். லிஸ்பனிலும் வத்திக்கானிலும் உறங்கிக்கிடந்த பழந்தமிழ் அச்சு நூல்களைத் தேடிக் கண்டு உலகுக்குக் காட்டியவரும் அவரே. பாலமில்லாத ஒரு தீவின் வழித்தோன்றல், கடல் கடந்து சிதறிக்கிடந்த தமிழ் நூல்களையும் தமிழாய்வாளர்களையும் ஒன்றுசேர்த்தார் என்பது எனக்குத் தற்செயலாகத் தோன்றவில்லை. எதற்கெடுத்தாலும் படகேற வேண்டிய ஊரார்க்குக் கடல் ஒரு தடையாகத் தோன்றாது போலும்.

இனி அமைதியைப்பற்றி. நெடுந்தீவுக்குச் சென்றுவந்தோர் எழுதும் குறிப்புகள் யாவும் அதன் அமைதியைப் புகழ்கின்றன. சுண்ணமின்றி அடுக்கிய முருகைக்கல் வேலிகள் நெடுகச் செல்வதையும், அவ்வேலிகளுக்கு நடுவே எவரும் எதிர்ப்படாத ஒழுங்கைகளையும் வியக்கின்றன. வேலிகள் எதைக் காக்க எழுந்தன என்று கேட்டால் விடை எளிது: வீட்டையும் தோட்டத்தையும் மாட்டையும். அவ்வேலிகளுள் பலவற்றின் உள்ளே இன்று வீடு இல்லை. நல்ல குடிநீர் அரிது. பயிருக்கு மழையை நம்ப வேண்டும். ஆகவே 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கிளிநொச்சிப் பக்கம் குளத்து நீரோடு நிலம் வழங்கப்பட்டபோது நெடுந்தீவார் பலர் அங்கே குடியேறினர். அது முதல் வெளியேற்றம்; வாழ்வைத் தேடிச் சென்றது. அடுத்தது உயிரைக் காக்கச் சென்றது.

1985 மே 15ஆம் நாள் காலை குமுதினி என்னும் படகு, வழக்கம்போல் பயணிகளை ஏற்றிக்கொண்டு மாவிலித்துறையிலிருந்து குறிகட்டுவான் நோக்கிப் புறப்பட்டது. அலுவலகம் செல்வோர், உறவினரைக் காணச் செல்வோர், பெண்கள், குழந்தைகள். நடுக்கடலில் படகு மறிக்கப்பட்டது. ஏறியவர்கள் கடற்படையினர் என்பது உயிர்பிழைத்தோரின் சாட்சியம். பயணிகளை ஒவ்வொருவராக அழைத்து, வெட்டுக்கருவிகளால் கொன்றனர். பன்னாட்டு மன்னிப்பு அவை உயிர்பிழைத்தோரின் வாக்குமூலங்களைத் திரட்டி, குறைந்தது 23 பேர் கொல்லப்பட்டதாகப் பதிவு செய்தது; ஈழத்துப் பதிவுகள் முப்பதுக்கு மேற்பட்ட எண்ணிக்கையைச் சொல்கின்றன. அரசு மறுத்தது. எவரும் தண்டிக்கப்படவில்லை.

நம் கவிஞர்களில் பலர் 'மரணத்துள் வாழ்வோம்' தொகுதியைப் படித்திருக்கிறீர்கள். அத்தொகுதி வெளிவந்ததும் அதே 1985இல்தான். அக்கவிதைகளை நாம் இங்கே தறியோசைக்கு நடுவில் படித்தபோது, அவற்றின் பின்னே இருந்த கடலையும் படகையும் நினைத்தோமா என்று எனக்குத் தெரியவில்லை. நான் நினைக்கவில்லை.

குமுதினியின் கதை அங்கே முடியவில்லை என்பதுதான் வியப்பு. குருதி கழுவி, பழுது பார்த்து, மீண்டும் அதே வழியில் அதனை ஓட்டினார்கள். வேறு படகுக்கு வழியில்லை. தாயை இழந்த மகனும் அதே படகில் ஏறித்தான் யாழ்ப்பாணம் செல்ல வேண்டியிருந்தது. பின்னர் வடதாரகை, நெடுந்தாரகை என்று வேறு படகுகளும் வந்துசேர்ந்தன. ஒவ்வோர் ஆண்டும் மே 15 அன்று நெடுந்தீவில் நினைவேந்தல் நடைபெறுகிறது. போரின் பிற்பகுதியில் எஞ்சியோரும் பெரும்பகுதி இடம்பெயர்ந்தனர்; சிலர் வன்னிக்கு, சிலர் தமிழ்நாட்டு முகாம்களுக்கு, சிலர் கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும். இன்று தீவில் எஞ்சியிருப்போர் சில ஆயிரவர். பயணக் குறிப்புகள் புகழும் அமைதி இவ்வாறு உண்டானது. அதனை இயற்கையின் கொடை என்று எழுதக் கூடாது என்று நம் கவிஞர்களை வேண்டிக்கொள்கிறேன்.

மற்றொன்றையும் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை நேர்மையற்றதாகிவிடும். நெடுந்தீவு மீனவர்க்கு இன்று உள்ள மனக்குறை இலங்கைக் கடற்படைமீது மட்டும் அன்று. தமிழ்நாட்டுக் கரையிலிருந்து வரும் இழுவைப் படகுகள் கடலின் அடித்தரையை வழித்துச் செல்கின்றன. சிறு படகுக்காரர் விரித்த வலைகளும் அவற்றோடு அறுந்துபோகின்றன. இழுவைமடித் தொழிலை இலங்கை 2017இல் சட்டத்தால் தடை செய்தது. நம் மீனவர்க்கும் வயிறு உண்டு, கடன் உண்டு. கைதும் சிறையும் படகுப் பறிமுதலும் அவர்கள் குடும்பங்களை உடைக்கின்றன. கடலில் உயிரிழந்தோரும் உளர். அத்துயரை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் 'நெடுந்தீவு அருகே' என்னும் வாக்கியத்தை நாம் இங்கே படிக்கும் அதே காலையில், வெறும் வலையோடு கரைதிரும்பும் ஒரு தமிழன் அங்கேயும் இருக்கிறான். அவன் வீட்டுத் திண்ணையில் நாம் விருந்தினராக அமரப்போகிறோம். என்ன பேசுவது என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. கேட்பதை மட்டும் செய்யலாம் என்று தோன்றுகிறது.

இனித் திட்டம். நாள் குறிப்பதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. ஐப்பசி முதல் மார்கழி வரை வாடைக் காற்று. நாகைக் கப்பலும் அப்பருவத்தில் நிறுத்தப்படுகிறது. வைகாசிக்குப்பின் சோழகக் காற்று எழுந்து கடல் மீண்டும் கொந்தளிக்கும். இடையில் மாசி, பங்குனியில் கடல் அடங்கியிருக்கும். நம் நெசவாளர் உறுப்பினர்களுக்கோ தை மாத முகூர்த்தச் சேலைகளை முடித்துக் கொடுத்தபின்தான் தறியைவிட்டு எழ முடியும். ஆகவே மாசிக் கடைசி வாரமே இரு திறத்தார்க்கும் பொருந்திவருகிறது. அவ்வாரத்தில் கச்சத்தீவு அந்தோனியார் விழா வருமாயின் நெடுந்தீவுப் படகுகளும் மக்களும் அங்கே சென்றுவிடுவர். அக்கோயில் நெடுந்தீவுப் பங்கோடு சேர்ந்தது. நாளை உறுதி செய்யுமுன் அதனையும் கேட்டறிய வேண்டும்.

தேசூரிலிருந்து வந்தவாசி, திண்டிவனம் வழியாக நாகை. அங்கிருந்து கப்பலில் ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் காங்கேசன்துறை. இரவு யாழ்ப்பாணத்தில் தங்கல். மறுநாள் விடியலில் குறிகட்டுவான். வழக்கமாகப் பயணிகள் காலைப் படகில் சென்று, ஊர்தி பிடித்து, கோட்டை, குதிரை, ஒல்லாந்தர் புறாக்கூடு, அராபியர் கொணர்ந்ததாகச் சொல்லப்படும் பெருக்கமரம் என்று மூன்று மணி நேரத்தில் முடித்துக்கொண்டு பிற்பகல் படகில் திரும்பிவிடுகின்றனர். நாம் அவ்வாறு செய்ய வேண்டா. ஓர் இரவு தங்குவோம். தங்கும் வசதி மிகக் குறைவு. எட்டுப் பேருக்கு மேல் செல்வது முறையன்று. தீவாரின் குடிநீரில் நாம் பங்கு கேட்கலாகாது. குடிக்க வேண்டியதை யாழ்ப்பாணத்திலிருந்தே சுமந்து செல்ல வேண்டும்.

இறங்கியவுடன் முதலில் குமுதினி நினைவிடம். அங்கே கவிதை வாசிக்க வேண்டா என்பது என் கருத்து. மாற்றுக் கருத்துடையோர் அடுத்த கூட்டத்தில் சொல்லலாம். பிற்பகல் கோட்டைகள் இரண்டும். மாலை, வெடியரசன் கதையைச் சொல்லத் தெரிந்த முதியவர் எவரேனும் இருந்தால் அவரோடு; பதினைந்து ஆண்டுகளாக ஏட்டில் மட்டும் நான் படித்த கதையை ஒரு மனிதக் குரலில் கேட்க வேண்டும் என்பது என் தன்னலம். இம்மலரின் படிகள் பத்து அத்தீவின் பள்ளி நூலகங்களுக்காகத் தனியே கட்டி வைக்கப்பட்டுள்ளன.

கடவுச்சீட்டு இல்லாத உறுப்பினர்கள் இப்போதே விண்ணப்பித்தல் நலம். மறுநாள் திரும்பும் படகு காலை வேளையில். ஆபுத்திரனுக்கு நேர்ந்தது நம்முள் எவர்க்கும் நேராதபடி, துறையில் நின்று ஆள் எண்ணி ஏற்றும் பொறுப்பை நானே ஏற்றுக்கொள்கிறேன்.